இருபத்தைந்து நாள் தபால்

கோபே
6-6-1935

அன்புள்ள அக்காவுக்கு,

சிதம்பரநாதன் எழுதுவது. இறங்கிய நாளிலிருந்து ஒட்டிக்கொண்டிருந்த இருமல் ஒருவழியாக விட்டது. உடம்புக்கு வேறு குறை இல்லை. அப்பாவின் முழங்கால், அத்தானின் வயிற்றுவலி, உன்னுடைய கோபம் எல்லாம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இங்கே போடும் தபால் கப்பலேறி இலங்கைக்கு வந்து அட்டன் சேர இருபத்தைந்து நாள் ஆகிறது என்று எழுதியிருந்தாய். நானும் எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. ஆகையால் நீ இதைப் படிக்கிற நேரத்தில் எனக்கு மறுபடி இருமல் வந்திருந்தாலும் வந்திருக்கும்.

பகலில் தந்தி ஆபீஸுக்கு எதிரே இருக்கிற கம்பெனியில் வேலை. கொழும்பு, சென்னைக் கடைகளுக்குக் கடிதம் எழுதுகிறேன், துணி மாதிரிகளை வெட்டி அட்டையில் ஒட்டுகிறேன். மாலையில் மொரிதா என்பவரிடம் ஜப்பான் பாஷை படிக்கிறேன். அவருக்கும் என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் என்னை முந்தியவள் நீ. அப்பா உன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தப் பாடத்தை நீதான் எனக்குச் சொல்லித்தந்திருப்பாய்.

இந்த வாரப் பாடம் உனக்குப் பிடிக்கும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்தால் எப்படிச் சொல்வது என்பது. நாம் ‘நடந்துகொண்டே பேசுகிறேன்’ என்கிறோம். இவர்கள் ‘அருகி நகரா ஹனசு’ என்கிறார்கள். அருகி என்பது நடை, ஹனசு பேச்சு. நடுவில் வருகிற ‘நகரா’தான் நம்முடைய ‘கொண்டே’. இங்கிலீஷ் மாதிரி வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை, நாம் சொல்லும் வரிசையிலேயே வந்துவிடுகிறது. முன்னால் வருவது சில்லறைக் காரியம், கடைசியில் வருவதுதான் பெரிய காரியம் என்று மொரிதா சொன்னார். நீயும் நாலு வாக்கியம் எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புத் தம்பி
சிதம்பரநாதன்


அட்டன்
4-7-1935

அன்புத் தம்பி சிதம்பரநாதனுக்கு,

அக்கா பரிமளம் எழுதுவது. அப்பாவின் முழங்கால் மழை வருவதை முந்தின நாளே சொல்லிவிடுகிறது. உன் அத்தானின் வயிறு நான் சமைக்காத நாளில் நன்றாக இருக்கிறது. என் கோபத்தை விசாரித்தாயே, அது கொழுகொழுவென்று சௌக்கியமாக இருக்கிறது. உன் இருமல் திரும்பி வராமல் இருக்கச் சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதினோரு நாளாக விடாத மழை. கடையில் துணிக்கட்டுகள் பூசணம் பிடிக்காமல் இருக்க தினமும் ஒருமுறை பிரித்து அடுக்குகிறேன். ஒரு இடத்தில் உட்கார முடிகிறதா என்றால் இல்லை. உட்கார்ந்தால் அப்பா கூப்பிடுகிறார், எழுந்தால் ஏன் கூப்பிட்டோம் என்பதை மறந்துவிடுகிறார்.

உன் பாடத்துக்கு என் வாக்கியங்கள்: அப்பா துணி மடித்து நகரா திட்டுகிறார். அத்தான் தூங்கி நகரா வியாபாரம் செய்கிறார். (இதில் பெரிய காரியம் தூக்கமா வியாபாரமா என்று உன் மொரிதாவைக் கேட்டுச் சொல்.) கங்காணி கத்தி நகரா பெண்கள் கொழுந்து கிள்ளுகிறார்கள்.

இந்த மூன்றாவதை நான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது டயகமத் தோட்டத்துப் பெரிய கங்காணி பழனியாண்டி தம் மகளோடு கடைக்கு வந்திருந்தார். சண்முகவடிவு என்று பெயர். பத்தொன்பது வயது. “என்னங்க அது, மந்திரமா?” என்று கேட்டாள். விளக்கினேன். சேலையைப் புரட்டிக்கொண்டே, “அப்ப நான் துணி பாத்து நகரா ஒங்களப் பாக்குறேன், சரிங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த பஜாரில் இப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்லை.

நல்ல பெண். நான் எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உன் அக்கா
பரிமளம்


கோபே
31-7-1935

அன்புள்ள அக்காவுக்கு,

சுக்கு வந்தது. இருமல் வரவில்லை, அதனால் சும்மாவே தட்டிப் போட்டுக் குடிக்கிறேன். அங்கே மழை ஓய்ந்து எல்லாரும் நலமாக இருப்பீர்கள்.

உன் முதல் இரண்டு வாக்கியங்களும் சரி. அத்தானுக்கு வியாபாரம்தான் பெரிய காரியம், இலக்கணம் அவரைக் காப்பாற்றிவிட்டது. மூன்றாவது தப்பு. ‘நகரா’ போட்டால் இரண்டு காரியத்தையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். கத்துவது கங்காணி, கிள்ளுவது பெண்கள். ஆள் வேறு வேறானால் ‘அயிதா’ என்ற வேறு சொல் போட வேண்டும். அதற்கு இடைவெளி என்று அர்த்தமாம். கங்காணி கத்துகிற இடைவெளியில் பெண்கள் கிள்ளுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மொரிதாவிடம் உன் வாக்கியத்தைக் காட்டினேன். கங்காணி என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர் என்று அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. முன்னால் கடல், பின்னால் மலை. ஞாயிற்றுக்கிழமை மலையேறிப் போவேன். வழியில் நூறு பேர் எதிரே வந்தாலும் ‘கந்தப்பன் மகனா நீ’ என்று ஒருவரும் கேட்பதில்லை. அது எப்படி இருக்கிறது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

தம்பி
சிதம்பரநாதன்


அட்டன்
29-8-1935

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். மழை ஓய்ந்து வெயில் வந்ததும் அப்பா முழங்காலை மறந்து தலைவலியைப் பிடித்துக்கொண்டார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் கடிதத்தில் கங்காணிக்குப் பதில் எழுதினாய், அத்தானுக்குப் பதில் எழுதினாய். கங்காணி மகளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. வெட்கமாக்கும் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

இனி விளையாட்டு இல்லை. பழனியாண்டி வந்து அப்பாவிடம் பேசியிருக்கிறார். அவளை இறம்பொடைக் கடைக்காரர் ஒருவரும் கேட்கிறாராம். மனைவியை இழந்தவர், நாற்பது வயது. உனக்குக் கம்பெனி ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம். அதுவரை பழனியாண்டி பொறுக்கமாட்டார். அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லை. மாப்பிள்ளை ஊரில் இல்லாவிட்டால் அவனுடன் பிறந்தவள் தாலி கட்டுவது நம் ஆட்களுக்குள் இருக்கிற வழக்கம்தானே. நம் அம்மாவுக்கே சீதாலெட்சுமி அத்தைதான் கட்டினாள். அப்பா சரக்கெடுக்கப் போன இடத்தில் மண்சரிந்து ரயில் நின்றுபோய் நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தார். வந்ததும் “சோறு இருக்கா?” என்று கேட்டாராம், கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

“தம்பிகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமாப்பா?” என்றேன்.

“கேட்டு எழுது. அவன் என்ன மாட்டேன்னா சொல்லப் போறான்? பொண்டாட்டி இங்க இருந்தாத்தான் அவன் காலு இந்தப் பக்கம் திரும்பும்” என்றார்.

அப்படியானால் கட்டப்போவது நான். அதனால் கேட்கிறேன். உனக்குச் சம்மதமா?

உன் அக்கா
பரிமளம்


கோபே
26-9-1935

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

போன வாரம் இங்கே பெரும் புயல். கம்பெனி சரக்குக் கிட்டங்கியின் கூரைத் தகடு இரண்டு தெரு தள்ளிப் போய் விழுந்தது. மூன்று நாளாக நனைந்த துணியைக் காயப்போடுவதுதான் வேலை. உன்னை நினைத்துக்கொண்டேன். பாஷைப் பரீட்சையில் முதல் படி தேறிவிட்டேன். இனி வாடிக்கைக்காரர்களோடு பேச என்னையும் கூட்டிப்போவதாக மானேஜர் சொல்லியிருக்கிறார். மலையில் மரங்களெல்லாம் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. இந்தச் சிவப்பை நீ பார்க்க வேண்டும்.

நீ கேட்ட விஷயம். அப்பாவின் விருப்பம் எப்படியோ அப்படி.

தம்பி
சிதம்பரநாதன்


அட்டன்
28-10-1935

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ பரீட்சை தேறியதற்கு அப்பா கடையில் வந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார்.

உன் கடிதத்தில் புயலுக்கு ஒரு பக்கம், மரத்துக்கு அரைப் பக்கம், கல்யாணத்துக்கு ஒரு வரி. நான் கேட்டது உன் விருப்பத்தை. அப்பாவின் விருப்பத்தை நான் ஜப்பானுக்கு எழுதிக் கேட்க வேண்டுமா? அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்த ஒரு வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று அடுத்த நாளே டயகமவுக்குப் போய்த் தாம்பூலத் தட்டு மாற்றிவிட்டார்.

சண்முகவடிவு போன வாரம் வந்திருந்தாள். அளவுகோலை என் கையிலிருந்து வாங்கி அவளே துணி அளந்தாள். கடையில் கூட்டம் குறைந்ததும் குனிந்துகொண்டே, “மதினி, அவங்களுக்கு என்னயப் பிடிச்சிருக்குன்னு எழுதுனாங்களா?” என்று கேட்டாள்.

எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன்? அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் பத்துத் தடவை நடக்கிறேன். நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்கு தம்பி. அவள் பெயர் போட்டு ஒரு வரி எழுது. அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும்.

இல்லை, உன் மனதில் வேறு ஏதாவது இருக்கிறது என்றால் அதையாவது எழுது. நான் உன்னை அடிக்கவா போகிறேன்? எட்டவும் எட்டாது.

அக்கா
பரிமளம்


கோபே
24-11-1935

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். குளிர் கடுமை. நுவரெலியாக் குளிரெல்லாம் இதன் முன்னால் நிற்காது. எல்லாரும் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

வருஷக் கடைசி என்பதால் கம்பெனியில் மூச்சுவிட நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ‘நகரா’வுக்கு இன்னொரு உபயோகமும் உண்டாம். ‘ஷிரி நகரா’ என்றால் வெறுமே தெரிந்துகொண்டே என்று மட்டும் இல்லை, தெரிந்திருந்தும் என்று அர்த்தம். தெரிந்திருந்தும் தப்புச் செய்தான் என்பதுபோல. உனக்குப் பிடிக்குமே என்று எழுதினேன்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

சிதம்பரநாதன்


அட்டன்
21-12-1935

தம்பிக்கு,

எல்லாரையும் விசாரித்ததாகச் சொன்னேன். எல்லாரும் என்றால் அதில் தானும் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன். நாங்கள் நலம்.

சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் தொடங்கிவிட்டது. ரயில் வந்தால் பஜார் கொள்ளவில்லை. இந்தச் சந்தடியில் கல்யாண வேலையும் நடக்கிறது. தை இருபத்துநாலு, வியாழக்கிழமை, பிப்ரவரி ஆறாம் தேதி. காலை ஏழு மணிக்கு மேல் முகூர்த்தம். டயகமத் தோட்டத்தில் கங்காணி வீட்டு வாசலில் பந்தல். சீதாலெட்சுமி அத்தை என்னை ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிற்றைக் கட்டிப் பழகச் சொல்கிறாள். இறுக்கிப் போடு, அவிழக்கூடாது என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு குட்டு.

சிதம்பரம், இப்போது நன்றாகக் கேள். இந்தக் கடிதம் ஜனவரி பதினைந்து பதினாறில் உன் கைக்கு வரும். நீ பதில் கடிதம் போட்டால் அது முகூர்த்தத்துக்கு வந்து சேராது. அதனால் கடிதம் எழுதாதே. தந்தி அடி. இங்கிலீஷ் எழுத்தில் ஒரே சொல் போதும். ‘சரி’ என்று அடி, அல்லது ‘வேண்டாம்’ என்று அடி. வேண்டாம் என்று வந்தால் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். பழனியாண்டி காலில் நான் விழுகிறேன். பந்தல் போட்ட பிறகு வந்தாலும் பிரிக்கச் சொல்வது என் பாடு. உன்மேல் ஒரு சொல் விழவிடமாட்டேன்.

ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டுவதற்கு என் கையைக் கேட்கிறார்கள். எனக்கு உன் வாய்ச்சொல் வேண்டும்.

அக்கா
பரிமளம்


கோபே
18-1-1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வேறு நோய் ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்தை விசாரிக்க இன்று எனக்கு மனம் கூடவில்லை.

அக்கா, வேண்டாம். கட்டாதே.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே எனக்கு வேறு பெண்ணும் இல்லை, அப்படி எதையும் நினைத்துக்கொள்ளாதே. நான் திரும்பி வர விரும்பவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடை, அந்தத் திண்டு, அப்பா உட்கார்ந்த பள்ளத்திலேயே நானும் உட்காருவது, இதை நினைத்தால் எனக்கு மூச்சுமுட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்தாலும் இங்கேயே இருந்துவிடலாம் என்று போன சித்திரையிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்தேன். உன் எழுத்தைப் பார்த்ததும் எழுத முடியாமல் போயிற்று. அப்பாவுக்கு நல்ல பிள்ளையாகவும் இருக்க வேண்டும், இங்கேயும் இருக்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. கல்யாணத்தை நிறுத்து. இந்தக் கடிதம் உரிய நேரத்தில் உனக்குக் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

உன் தம்பி
சிதம்பரநாதன்


டயகம
7-2-1936

அன்புத் தம்பிக்கு,

உன் கல்யாணம் நேற்று நல்லபடியாக நடந்தது. எல்லாரும் சுகம். நீயும் இனிமேல் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், இப்போது அது உன் ஒருவனுடையது இல்லை.

ஜனவரி பதினாறிலிருந்து தினமும் தபால்கந்தோருக்கு நடந்தேன். என்னைக் கண்டதுமே அங்கிருந்தவர் கையை விரித்துக் காட்டுவார். புதன்கிழமை டயகமவுக்குப் புறப்படும்போதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஒருமுறை போய்ப் பார்த்தேன். “மாட்டேன்னா தந்தி அடிச்சிருப்பான். அடிக்கலேன்னா சரின்னுதான அர்த்தம்?” என்றார் உன் அத்தான். நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டேன்.

மணவறையில் உன் இடத்தில் நீ கொழும்பில் எடுத்த போட்டோவை வைத்தோம். அதற்கும் மாலை. பனிமூட்டத்தில் எதிரே நின்ற மேளக்காரர்களே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. முதல் முடிச்சை அவசரமாக இழுத்தேன். சண்முகவடிவு குனிந்தபடியே, “மெதுவா கட்டுங்க மதினி, நான் எங்கயும் ஓடிற மாட்டேன்” என்றாள். மூன்று முடிச்சையும் இறுக்கிப் போட்டேன். அத்தையே மெச்சினாள்.

நாளை அவளை அட்டனுக்குக் கூட்டிவருகிறோம். உன் மாடி அறையைத்தான் ஒழித்துக் கொடுத்திருக்கிறேன். உன் பாடக் கடிதங்களையெல்லாம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அவளுக்கு நேராக ஒரு கடிதம் எழுது. இனிமேல் உனக்கு வேறு சாக்கு இல்லை.

அக்கா
பரிமளம்


கோபே
5-3-1936

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. எல்லாரும் சுகம் என்று அறிந்தேன். நானும் அப்படியே.

நான் ஜனவரியிலேயே தெளிவாக எழுதியிருந்தேனே. கப்பல் தாமதமாகியிருக்க வேண்டும். இந்தப் பருவத்தில் கடல் மோசம். நீ இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். நடந்தது நடந்துவிட்டது, இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நான் ஜனவரியில் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். அதைக் கிழித்துப் போட்டுவிடு. அவள் அங்கேயே உங்களோடு இருக்கட்டும், அப்பாவுக்கும் துணை. நான் அவ்வப்போது எழுதுகிறேன். ஒப்பந்தம் முடியும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி
சிதம்பரநாதன்


அட்டன்
6-4-1936

தம்பிக்கு,

சுகத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், மனம் இருந்தால்.

கப்பல் தாமதமாகவில்லை. உன் ஜனவரிக் கடிதம் பிப்ரவரி பன்னிரண்டு, புதன்கிழமை வந்தது. அவள்தான் தபால்காரரிடமிருந்து வாங்கினாள். “மதினி, கப்பல் தபாலு! கப்பல் தபாலு!” என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். உரக்கப் படிக்கச் சொன்னாள். நான் இரண்டு வரி படித்தேன். அதற்குமேல் படிக்காமல் மடிக்கப் போனேன். என் கையிலிருந்து வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடிதத்தின் தலைப்பைத் திரும்பப் பார்த்தாள்.

“சனவரி பதினெட்டு. இங்க வர இருவத்தஞ்சு நாளு, அது அவங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்” என்றேன்.

“தந்தின்னா எத்தன நாளு மதினி?”

“அன்னிக்கே வந்துரும். மிஞ்சினா மறுநாள்.”

விரலை மடித்து எண்ணினாள். அதற்குமேல் கேட்கத் தேவையில்லை. முகூர்த்தத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது உனக்கு. தந்தி ஆபீஸ் உன் கம்பெனிக்கு எதிரே என்று முன்பு நீயே எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று எழுதியும் வைக்க வேண்டும், அது வருவதற்குள் கல்யாணமும் முடிந்துவிட வேண்டும், பின்னால் ‘நான் அப்போதே எழுதினேனே’ என்று சொல்லவும் வேண்டும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் எத்தனை காரியம் செய்தாய் தம்பி! கோழை. இந்தச் சொல்லை உனக்கு எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஆறு வயதுவரை உன்னை இடுப்பிலிருந்து இறக்காதவள் நான்.

அன்றே அவிழ்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவள்தான் பொறுக்கச் சொன்னாள். “கலியாணம் முடிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சா என்ன எழுதுறாங்கன்னு பாப்போம். மனுசன் மனசு மாறுறது உண்டுதான?” என்றாள். நாற்பத்தேழு நாள் காத்திருந்தாள். துணி அளந்தாள், அப்பாவுக்கு ஒத்தடம் கொடுத்தாள், மாடியில் முன்னும் பின்னும் நடந்தாள். அவள் நடக்கிற சத்தம் கீழே கடையில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் பொறுக்கச் சொன்னதால்தான் நானும் உனக்கு எழுதவில்லை.

போன திங்கட்கிழமை உன் பதில் வந்தது. கிழித்துப் போட்டுவிடு என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, “போதும் மதினி” என்றாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் வீட்டில் கூடினார்கள். பழனியாண்டியும் வந்தார். தாலியை அவிழ்த்து உறவை அத்துவிடுவது நம்மிடம் புதிதில்லை. ஆனாலும் மாயாண்டி மாமா, “மாப்பிள்ள இல்லாம எப்படி அத்துவிடுறது?” என்று இழுத்தார்.

“மாப்பிள்ள இல்லாமத்தானய்யா கட்டுனோம்?” என்றார் பழனியாண்டி.

அத்தையை அவிழ்க்கச் சொன்னார்கள். சண்முகவடிவு மறுத்துவிட்டாள். “கட்டுனது மதினி. அவங்களே அவுக்கட்டும். அந்த மனுசன் கை இதுல எதுலயும் படல” என்றாள். நான் போய் அவள் பின்னால் உட்கார்ந்தேன். மஞ்சள் ஏறி முடிச்சு மூன்றும் கல்லாகிக் கிடந்தது. நகத்தால் பார்த்தேன், வரவில்லை. அத்தை அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொன்னாள். நான் வேண்டாம் என்றேன். குனிந்து பல்லால் கடித்து ஒவ்வொன்றாக இளக்கினேன். அவள் கழுத்து சூடாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் கண்ணீர்தான் அவள் முதுகில் விழுந்தது.

உன்னை மட்டும் சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். தந்தி வராதபோதே எனக்குத் தெரியும். செப்டம்பரில் நீ எழுதிய அந்த ஒரு வரியிலேயே தெரியும். தெரிந்திருந்தும் மூன்று முடிச்சும் போட்டேன். உன்னை எப்படியாவது இந்த ஊருக்கு இழுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. நான் கட்டிப்போட நினைத்தது உன்னை. கழுத்தை நீட்டியது அவள். இதற்கு அவள் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

அப்பா உன் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துத் துணிக்கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

இன்று காலை பழனியாண்டி அவளைக் கூட்டிக்கொண்டு டயகமவுக்குப் போனார். இறம்பொடைப் பேச்சை மறுபடி எடுத்தால் அந்தக் கடைக்காரருக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாக அப்பாவிடமே சொல்லிவிட்டாள். பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் திரும்பி வந்தாள். “இனி ஒங்கள நான் என்னன்னு கூப்பிடுறது?” என்று கேட்டாள். மதினி என்று கூப்பிடச் சொல்ல முடியுமா? “பரிமளம்னு கூப்பிடு” என்றேன். சொல்லிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, உதடும் துடித்தது. பிறகு ஏறிப் போய்விட்டாள்.

நீ என்னை என்னவென்று கூப்பிடப் போகிறாய் என்பதை நீயே யோசி. யோசித்து எழுது. தந்தி அடிக்க வேண்டாம், கடிதம் போதும். எனக்கு இப்போது அவசரம் எதுவும் இல்லை.

பரிமளம்